நாட்டுப்பண்ணின் மெட்டு எங்குப் பிறந்தது?



நம் நாட்டுப்பண்ணாகிய 'நெகாராகூ'வின் மெட்டு வேறொரு பாடலினுடையதா? பழைய இசைப்பதிவுகளை இணையத்தில் கேட்கும் மாணவர்கள் இவ்வாறு வினவுவதுண்டு. "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று பெரியவர்கள் சிலர் அவர்களின் வாயை அடைத்துவிடுகின்றனர். இது முறையன்று. வரலாற்றை முழுமையாகச் சொல்வதே நாட்டுப்பற்றை வளர்க்கும்.

1957-இல் விடுதலைக்கு முன்னர் நடத்தப்பெற்ற உலகளாவிய போட்டிக்கு 514 படைப்புகள் வந்தன. ஒன்றும் நிறைவளிக்கவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், சுபிர் சைட் போன்ற இசையமைப்பாளர்களின் படைப்புகளும் ஏற்கப்படவில்லை. இறுதியில் பேரா மாநிலப் பண்ணான 'அல்லா லஞ்சுட்கான் உசியா சுல்தான்' மெட்டு தேர்வாயிற்று. அதற்குப் புதிய வரிகள் எழுதப்பெற்றன.

பேராவுக்கு அம்மெட்டு எவ்வாறு வந்தது? 1875-இல் பாசிர் சாலாக்கில் பர்ச் கொல்லப்பட்டதையடுத்து, 1877-இல் சுல்தான் அப்துல்லா செய்செல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே அரச குடும்பத்தினர் 'ரோசாலி' என்னும் பிரெஞ்சுப் பாடலைக் கேட்டனர் என்பர். பின்னர்ச் சுல்தான் இத்ரிசு இங்கிலாந்து சென்றபோது, "உங்கள் மாநிலப் பண் யாது?" என அதிகாரிகள் வினவ, உடனிருந்தவர் அம்மெட்டை முணுமுணுத்தாராம். அவர் யார், எந்த ஆண்டு என்பதில் கூற்றுகள் வேறுபடுகின்றன. பெராஞ்சே (1780-1857) இயற்றியது என்பாரும் உளர். அவரோ பெரும்பாலும் பழகிய மெட்டுகளுக்கு வரி எழுதிய பாவலர்.

தலைப்புகளைப் பாருங்கள். 'ரோசாலி' ஒரு பெண்ணின் பெயர். பேராவில் அது சுல்தானின் நீண்ட ஆயுளுக்கான வேண்டுதல் ஆயிற்று. மலாய் மக்களிடையே 'தெராங் பூலான்', அதாவது நிலவொளி. 1947-இல் இங்கிலாந்தில் 'மாமுலா மூன்'. 1961-இல் ஆன் செல்டன் பாடியபோது 'நான் திரும்பி வருவேன்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. நமக்கோ 'என் நாடு'. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று. அவரவர் நெஞ்சில் இருந்ததை அவரவர் ஏற்றிப் பாடினர்.

2009-இல் இந்தோனேசியாவில் சிலர் இது 'தெராங் பூலான்' பாடலின் திருட்டு என்றனர். பல கடல் கடந்த மெட்டைத் தம்முடையது மட்டுமே என எவர் உரிமை கொண்டாட இயலும்? ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டில்தான் லீக்டன்ஸ்டைன் நாட்டுப்பண் இன்றும் ஒலிக்கிறது. அதே மெட்டுக்கு நம் முத்துசாமி தீட்சிதரும் வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவரை எவரும் திருடர் என்பதில்லை.

பிறப்பிடம் வேறு, உரிமை வேறு. இதைத் தமிழ்ப்பள்ளி மாணவன் உணர்வது மிகவும் இன்றியமையாதது. இம்மண்ணிலேயே பிறந்திருந்தும் "உன் முன்னோர் எங்கிருந்து வந்தனர்?" என்ற கேள்வியை என்றேனும் அவன் எதிர்கொள்வான். கடல் கடந்து வந்த மெட்டு இந்நாட்டின் பண்ணாகி, அனைவரும் எழுந்து நின்று மதிக்கும் இடத்தைப் பெற்றுள்ளது. கடல் கடந்து வந்தோரின் கொள்ளுப்பேரன் மட்டும் எப்படி அயலானாவான்?

எனவே, அடுத்த முறை பிள்ளைகள் கேட்டால் உலகப்படத்தை விரியுங்கள். செய்செல்ஸ், பேரா, இலண்டன் ஆகிய இடங்களைக் காட்டுங்கள். திங்கட்கிழமை சபைகூடலில் அவர்கள் இன்னும் நிமிர்ந்து நின்று பாடுவார்கள்.