அலகையும் சேர்த்து எழுதுங்கள்

சீரான முடுக்கக் கணக்கு என்றதுமே பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் மூன்று சமன்பாடுகளை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொருந்துகிற சமன்பாட்டில் எண்களைப் போட்டுச் சுருக்கி, கடைசி வரியில் 'மீட்டர்' என்று சேர்த்துவிட்டால் கணக்கு முடிந்தது. இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும். கணக்கின் முதல் வரியிலிருந்தே ஒவ்வோர் எண்ணோடும் அதன் அலகு வர வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் அளவீட்டியல் முதல் பாடம், இயக்கவியல் இரண்டாம் பாடம். முதல் பாடத்தின் பரிமாணப் பகுப்பாய்வை இரண்டாம் பாடத்தின் கணக்குகளில் பயன்படுத்தத்தான் யாரும் கற்றுத் தருவதில்லை.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்தை எடுத்துக்கொள்வோம். பிரேக் போட்டதும் ஒவ்வொரு நொடியிலும் அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது. எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 72ஐ அப்படியே போட்டால் விடை 518.4. அரை கிலோமீட்டருக்கு மேல் ஓடி நிற்கிற பேருந்தில் யாரும் ஏற மாட்டார்கள், ஆனால் விடைத்தாளில் இந்த எண் சந்தேகமே இல்லாமல் எழுதப்பட்டுவிடும். 72 கிலோமீட்டர் என்பது 72,000 மீட்டர், ஒரு மணி 3,600 நொடி. ஆக வேகம் நொடிக்கு 20 மீட்டர், நிற்கும் தூரம் 40 மீட்டர். அலகுகளோடு எழுதியிருந்தால், மேலே உள்ள கிலோமீட்டரும் மணியும் கீழே உள்ள மீட்டரோடும் நொடியோடும் அடிபடாமல் நின்று தவறைக் காட்டிக்கொடுத்திருக்கும். '5/18ஆல் பெருக்கு' என்ற குறுக்குவழியும் ஓரளவுக்குத்தான் உதவும். முடுக்கத்தில் நேரம் இரண்டு முறை வருவதால், மணியை நொடியாக்க 3,600ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும். அங்கே 5/18 கைவிட்டுவிடும்.

இது பள்ளி மாணவர்களின் குறை மட்டுமல்ல. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின்கள் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறங்கியது. ஒரு லிட்டர் எரிபொருளின் எடையைக் கிலோவில் 0.8 என்று கொள்வதற்குப் பதில், பவுண்டு கணக்கான 1.77ஐப் பயன்படுத்தியதால், தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே இருந்தது. பயணிகள் பிழைத்தது விமானிகளின் திறமையால். 1999இல் நாசாவின் செவ்வாய் காலநிலை ஆய்வு விண்கலம் தொலைந்ததற்கும் காரணம் இதே வகைப் பிழைதான். ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்த எண்ணை, மற்றொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. கணினி இருக்கும்போது அலகுமாற்றம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: கொடுத்த எண்ணைத்தான் கணினி கணக்கிடும்.

நீட் போன்ற தேர்வில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதினால் சில நொடிகள் கூடத்தான் செய்யும். ஆனால் அங்கே சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். அலகை மாற்ற மறந்தவருக்குக் கிடைக்கும் எண்ணும் விடைத் தெரிவுகளில் ஒன்றாக இருந்துவிட்டால், தவறு நடந்ததே அவருக்குத் தெரியாது. பழகிய கைக்கு அலகோடு எழுதும் வேகமும் தானே வந்துவிடும். நிஜ வாழ்க்கையில் முடுக்கம் சீராக இருப்பதில்லை என்பதும் உண்மைதான். அதற்காக இந்தக் கணக்கு வீண் என்றாகாது. வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற, வண்டி ஓட்டுகிற எல்லாரும் அறிய வேண்டிய செய்தியை இது சொல்கிறது.

ஆசிரியர்கள் கரும்பலகையில் ஒரு வரியைக்கூட அலகில்லாமல் எழுத வேண்டாம். வினாத்தாள் தயாரிப்பவர்கள் அலகுமாற்றப் படிக்குத் தனி மதிப்பெண் கொடுக்கட்டும். இதற்குப் புதிய பாடத்திட்டமோ கூடுதல் செலவோ தேவையில்லை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.