புரோ கபடி ஏலம்: திண்டிவனம் பையனின் ரெய்டை யார் பார்க்கிறார்கள்? எதைப் பார்க்கிறார்கள்?

பொங்கல் வந்துவிட்டால் திண்டிவனத்தைச் சுற்றி மயிலம், ஒலக்கூர், மரக்காணம், செஞ்சி என ஏதாவது ஒரு பக்கம் ஃபோகஸ் லைட் கட்டி கபடி நடந்துகொண்டிருக்கும். கோட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர், "இவன்லாம் புரோ கபடிக்கே போகலாம்" என்று ஒரு பையனைக் காட்டிச் சொல்வதும் வழக்கம்தான். ஆனால் அப்படிக் காட்டப்பட்ட பையன்களில் டிவியில் வந்தவர்கள் மிகச் சிலர்.

திறமை பத்தலையா? பார்க்க ஆள் இல்லையா? ஒரு இளம் ரெய்டரை, அதாவது எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போகிற ஆளை, புரோ கபடி அணிகள் எப்படி எடை போடுகின்றன என்று தெரிந்துகொண்டால் இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஏலம் நடக்கும் முன்பே முடிந்துவிடும் கதை

ஏலம் என்றதும் நம் நினைவுக்கு வருவது சுத்தியல், கோடிகள், கை தூக்கும் உரிமையாளர்கள். 2014-ல் முதல் சீசன் ஏலத்தில் அதிக விலைக்குப் போன ராகேஷ் குமாரின் மதிப்பு 12.8 லட்சம் ரூபாய். 2023-ல் பவன் ஷெராவத்தை தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. பத்தே சீசனில் இவ்வளவு தூரம்!

ஆனால் கல்லூரியில் படிக்கும் 19 வயதுப் பையனுக்கு அந்த மேடை முக்கியமே இல்லை. ஏலத்தில் வீரர்கள் ஏ, பி, சி, டி எனப் பிரிக்கப்படுகிறார்கள். 11-வது சீசனில் ஏ பிரிவின் அடிப்படை விலை 30 லட்சம், டி பிரிவுக்கு 9 லட்சம். பெரும்பாலும் ஏற்கனவே லீக்கில் ஆடியவர்கள், பெயர் தெரிந்தவர்கள்தான் இதில் விலை போகிறார்கள். புதுமுகங்களுக்குத் தனி வாசல் இருக்கிறது. அதன் பெயர் 'நியூ யங் பிளேயர்', சுருக்கமாக என்.ஒய்.பி. இதில் அணிகள் இளம் வீரர்களை ஏலத்துக்கு வெளியே நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன.

அதாவது, ஒரு திண்டிவனம் பையனின் வாய்ப்பு முடிவாவது ஏல நாளில் அல்ல. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பு ஏதோ ஒரு பல்கலைக்கழகப் போட்டியிலோ, தேர்வு முகாமிலோ அது முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் அவன் அங்கே இருந்தானா என்பதுதான் கேள்வி.

பாயிண்ட்டை மட்டும் பார்த்தால் என்ன தப்பு?

"அண்ணே, நம்ம பையன் ஒரு டோர்னமென்ட்ல 40 பாயிண்ட் எடுத்தான்" என்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 40 எப்படி வந்தது?

கபடியில் எல்லாப் புள்ளியும் ஒன்றல்ல. எதிரே 6 அல்லது 7 பேர் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி. ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலும் ஒரு புள்ளி. ஸ்கோர்போர்டில் இரண்டும் 1 தான். ஆனால் தொட்டு எடுத்த புள்ளியில் எதிரணியில் ஒருவர் வெளியே போகிறார், நம் அணியில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் உள்ளே வருகிறார். போனஸில் இந்த இரண்டுமே நடக்காது. 7 போனஸ், 3 டச் என்று 10 எடுத்தவனும், 1 போனஸ், 9 டச் என்று 10 எடுத்தவனும் காகிதத்தில் ஒன்று. ஆட்டத்தில் இரண்டாமவன்தான் எதிரணியை ஆல் அவுட் பக்கம் தள்ளுகிறான். அதற்கு இன்னும் 2 புள்ளி கிடைக்கும்.

இன்னொன்று, பிடிபட்ட கணக்கு. இதை ஊரில் யாருமே எழுதி வைப்பதில்லை. ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். முதல் பையன் 20 முறை பாடிப் போய் 8 புள்ளி எடுக்கிறான், 6 முறை மாட்டுகிறான். இரண்டாவது பையன் 12 முறை போய் 7 புள்ளி எடுக்கிறான், ஒரே ஒரு முறை மாட்டுகிறான். மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றுவது முதல் பையனின் பெயர். ஆனால் அவன் மாட்டிய ஒவ்வொரு முறையும் எதிரணிக்கு குறைந்தது ஒரு புள்ளி, கூடவே அங்கே ஒரு ஆள் திரும்ப உள்ளே. கழித்துப் பார்த்தால் அவன் அணிக்குக் கொடுத்தது வெறும் 2, இரண்டாமவன் கொடுத்தது 6. அதுபோக, மாட்டியவன் வேறொருவர் புள்ளி எடுத்துக் கூப்பிடும்வரை வெளியே உட்கார வேண்டும். அவ்வளவு நேரமும் அணிக்கு மெயின் ரெய்டர் இல்லை.

எத்தனை பேர் நிற்கும்போது எடுத்த புள்ளி என்பதும் முக்கியம். எதிரே 2 பேர் இருக்கும்போது ஒருவரைத் தொடுவது வேறு. 7 பேர் முழுசாக நிற்க, இரண்டு கார்னரும் காலுக்குக் காத்திருக்க, கவர் ஆட்கள் மோதத் தயாராக இருக்கும்போது தொடுவது வேறு.

மூன்றாவது ரெய்டில் தெரியும் ஆள்

தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளி இல்லாமல் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் அவுட். எதிரணிக்கும் இது தெரியும் என்பதால் அவசரப்படாமல் காத்திருப்பார்கள். கையில் 30 விநாடி.

என்னைக் கேட்டால், ஒரு பையனிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். முதல் 15 விநாடி என்ன செய்கிறான்? பதறி முதல் தடவையே உள்ளே பாய்கிறானா, அல்லது ஒரு கார்னரை அசைத்துவிட்டு மற்ற பக்கம் போகிறானா? வேகம் எல்லோருக்கும் கண்ணில் படும். நிதானம் வீடியோவை இரண்டாம் முறை ஓட்டினால்தான் தெரியும்.

மண்ணா, மேட்டா?

இங்கேதான் நம் பகுதிப் பையன்களுக்குச் சிக்கல். ஊரில் ஆடுவது மண் தரை. லீக்கில் மேட், காலில் ஷூ. மண்ணில் வழுக்கித் தப்பிக்கப் பழகிய கால், மேட்டில் பிடிப்போடு நிற்கும். திரும்பும் இடத்தில் உடல் ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம். காயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மறுபக்கம், மேட்டில் பிடிப்பு அதிகம் என்பதால் சட்டென்று நின்று திசை மாற்றலாம். ஓடும் வாக்கில் கை நீட்டித் தொடுவதும் எளிது. இதைப் பழக மாதக்கணக்கில் மேட் வேண்டும். வாரம் ஒரு நாள் போதாது.

எடையும் உண்டு. புரோ கபடியில் 85 கிலோதான் உச்ச வரம்பு. 65 கிலோவில் ஊர்ப் போட்டியில் மின்னும் பையனை 80 கிலோ கார்னர் ஒருவர் தொடையைப் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும்? தேர்வாளர் மனதில் ஓடும் கேள்வி அது. அதனால் அவர்கள் இன்றைய எடையை மட்டும் பார்ப்பதில்லை. 2 வருடத்தில் இந்த உடம்பு எவ்வளவு தாங்கும் என்றும் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே தலைவலிதான்

அமெரிக்கன் ஃபுட்பாலில் 'வைட் ரிசீவர்' என்றொரு இடம் உண்டு. ஓடி, எதிராளியை ஏமாற்றி, தூரத்திலிருந்து வரும் பந்தைப் பிடிப்பவர். கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் 'டிராஃப்ட்' முறையில் எடுக்கின்றன. அங்கே விலை கூறுவது கிடையாது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, அடுத்து அதற்கு மேலே இருந்த அணிக்கு என வரிசை போகும். டிராஃப்ட்டுக்கு முன்பு எல்லோரையும் வரவழைத்து 40 கெஜம் ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள்.

2017-ல் ஜான் ராஸ் என்பவர் அதை 4.22 விநாடியில் ஓடி அப்போதைய சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி அணி 9-வது ஆளாக அவரை எடுத்தது. முதல் சீசனில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. 2023-ல் புகா நக்குவா என்பவரை 176 பேர் போன பிறகுதான் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் எடுத்தது. முதல் சீசனிலேயே 1,486 கெஜம் எடுத்துப் புதுமுக வீரர்களுக்கான சாதனை படைத்தார். அவ்வளவு பணம், அவ்வளவு கேமரா இருக்கும் ஊரிலேயே இந்த லட்சணம்!

தமிழ் தலைவாஸ் கதையையே பாருங்களேன்

2022-ல் 9-வது சீசனுக்கு பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு தமிழ் தலைவாஸ் எடுத்தது. அந்த நேரத்தில் லீக் வரலாற்றிலேயே அதிக விலை. முதல் போட்டியிலேயே முட்டியில் காயம், சீசன் முடிந்தது. அணி அவ்வளவுதான் என்று நினைத்தபோது ரெய்டுக்குப் போனவர் நரேந்தர். அதுவரை லீக்கில் ஆடாத புதுமுகம். அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அறிமுக சீசனில் அதற்கு முன் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி வரை போனது.

இரண்டு ஆண்டு கழித்து, சச்சின் தன்வாரை 2.15 கோடிக்கு எடுத்தார்கள். அந்த ஏலத்திலேயே அதிக விலை அதுதான். அந்த சீசனில் பிளே ஆஃப் கூட வரவில்லை. ஒரு வீரரை மட்டும் குறை சொல்ல முடியாது, ஆனால் விலையும் விளைவும் கைகோத்துப் போவதில்லை என்பது தெரிகிறது.

இன்னும் வலிக்கும் உதாரணம் பர்தீப் நர்வால். லீக்கில் 1,800-க்கும் மேல் ரெய்டு புள்ளி எடுத்த ஒரே ஆள். 2021-ல் 1.65 கோடிக்குப் போனவரை 2025 ஏலத்தில் ஒரு அணியும் கேட்கவில்லை. ஓய்வை அறிவித்துவிட்டார். எடுத்த புள்ளிக்கு மரியாதை உண்டு. ஆனால் அணிகள் காசு கொடுப்பது இனி எடுக்கப்போகும் புள்ளிக்கு.

சரி, நம்ம பையன் எங்கே போய் நிற்கணும்?

வழி இரண்டு. ஒன்று, மாவட்ட அணி, அங்கிருந்து மாநிலப் போட்டி, பிறகு தமிழ்நாடு அணிக்காக தேசிய ஜூனியர் அல்லது சீனியர் சாம்பியன்ஷிப். இன்னொன்று கல்லூரி வழி. திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் சேரும் பையன், கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணிக்குப் போக வேண்டும். அங்கிருந்து தென் மண்டலப் போட்டி, அகில இந்தியப் போட்டி, கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. 11-வது சீசன் ஏலப் பட்டியலில், 2024 கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டின் இறுதிப் போட்டிக்கு வந்த இரு அணிகளின் வீரர்களையும் சேர்த்தார்கள். தேர்வாளர்களின் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஊர் டோர்னமென்ட்டில் கோப்பையும் ரொக்கமும் கிடைக்கும். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வு நாளன்று ஊர் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தால் நஷ்டம் பையனுக்குத்தான். இதை ஊர்ப் பெரியவர்களிடம் சொல்வது கஷ்டம், தெரியும்.

வீட்டில் கேட்கும் கேள்வி வேறு. "கால் போச்சுன்னா யாருடா பாப்பா?" நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ்தான் வேண்டும். அதாவது புரோ கபடிக்குப் போகும் பாதையும் அரசு வேலைக்குப் போகும் பாதையும் பாதி தூரம் ஒன்றுதான். டிகிரியை விட்டுவிட்டு ஆடுவதைவிட, டிகிரியோடு பல்கலைக்கழக அணியில் ஆடுவது இரண்டு கதவையும் திறந்து வைக்கும். ஏலத்தில் பெயர் வர வைக்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதவில் பாதிகூட இல்லை. கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய அணியின் துணை கேப்டனாகத் தங்கம் வென்று வந்தார். அதே போட்டியில் ஆண்கள் அணியில் தங்கம் வென்ற வடுவூர் அபினேஷ் நாளை புரோ கபடி வாசலில் போய் நிற்கலாம். கார்த்திகாவுக்குப் புரோ கபடியில் அந்த வாசலே கிடையாது. 2016-ல் ஆண்கள் லீக்கோடு சேர்த்து 3 அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அது தொடரவில்லை.

கடைசியாக ஒரு விஷயம், மொபைலில் இதைப் படிக்கும் அண்ணன்களுக்கு. தம்பி ஆடும்போது வீடியோ எடுக்கிறீர்கள் அல்லவா? சூப்பர் ரெய்டை மட்டும் வெட்டி, பாட்டு போட்டு ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். கோட்டின் ஒரு மூலையில் உயரமாக நின்று 40 நிமிடமும் எடுங்கள். எதிரே எத்தனை பேர், எந்த ரெய்டு டூ ஆர் டை, எத்தனை முறை மாட்டினான் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். மாட்டிய ரெய்டும் சேர்த்துத்தான்.