மருந்து கைகொடுக்காத காலம் வருமுன்னர்

இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் வட்டக்கச்சி, குடியேற்றத் திட்டத்தினால் உருவான கிராமமாகும். அன்று காடு வெட்டிக் கழனியாக்கியவர்களின் பிள்ளைகளும் இன்று முதுமையை எய்திவிட்டனர். 2009 வரையான போரில் இடம்பெயர்ந்து, வெறுங்கையுடன் மீளக் குடியமர்ந்த இவர்களில் பலரது பிள்ளைகள் இன்று கொழும்பிலோ கடல் கடந்தோ வாழ்கின்றனர். வன்னிப் பெருநிலப்பரப்பின் ஏனைய கிராமங்களின் நிலையும் இதுவே. இதனால், முதியோரைப் பராமரிக்கும் பொறுப்பு அயலவரிடமும், கூலிக்கு அமர்த்தப்பட்ட பராமரிப்பாளரிடமும், முதியோர் இல்லங்களிடமும் சென்றுகொண்டிருக்கின்றது.

இப்பராமரிப்பில் உணவு, உறைவிடம் ஆகியவற்றுக்குக் கொடுக்கப்படும் கவனம் மருந்துகளுக்குக் கொடுக்கப்படுகின்றதா என்ற கேள்வியை நாம் எழுப்ப வேண்டியுள்ளது. குறிப்பாக, மக்கள் 'அன்ரிபயோட்டிக்' என்று அழைக்கும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளின் பாவனை கவலைக்குரியதாகும்.

இம்மருந்துகள் பக்ரீரியாக்களை மட்டுமே அழிக்கும். தடிமனையும் பெரும்பாலான தொண்டை நோவையும் உண்டாக்கும் வைரஸ்களுக்கு இவற்றால் எதுவும் நேராது. தேவையின்றியோ அளவு குறைந்தோ உட்கொள்ளும்போது, பலவீனமான கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே இவ்வாபத்தை எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கை பலித்துவிட்டது. 2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பக்ரீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இவ்விடயத்தில் முதியோர் இல்லங்களுக்குத் தனிக் கவனம் ஏன்? நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதும், ஒரே பராமரிப்பாளரின் கைகள் பலரைத் தொடுவதும், ஒருவரிடம் உருவான எதிர்ப்புக் கிருமி ஏனையோரையும் பற்றிக்கொள்ள வழி செய்கின்றன. மேலைநாட்டுப் பராமரிப்பு நிலையங்களின் அனுபவம் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. அங்கு தேவையற்று வழங்கப்படும் நுண்ணுயிர்கொல்லிகளில் கணிசமானவை சிறுநீர்த் தொற்று என்ற ஐயத்தின் பேரிலேயே வழங்கப்படுகின்றன. முதியோர் பலரது சிறுநீரில், எவ்வித நோயும் இன்றியே கிருமிகள் காணப்படுவதுண்டு. நீண்டகாலம் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டோரிடம் அவை எப்போதும் இருக்கும் எனலாம். சிறுநீர் கலங்கலாக இருக்கின்றது, மணக்கின்றது என்பதற்காக மட்டும் மருந்து கொடுப்பது தவறாகும். காய்ச்சல், நடுக்கம், வயிற்று நோவு, புதிதாகத் தோன்றிய தடுமாற்றம் ஆகியவை கண்டால் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும்.

வன்னியைப் பொறுத்தவரை இது முதியோருடன் முடிந்துவிடும் விடயமன்று. போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, சிறுநீர்க் குழாயுடனும் படுக்கைப் புண்களுடனும் வாழ்வோர் இங்குள்ளனர். அடிக்கடி தொற்றுக்கு ஆளாகும் அவர்களுக்கு, இம்மருந்துகளின் வலிமையே உயிர்க்காப்பு. அயல்வீட்டில் தடிமனுக்கு வீணாக்கப்படும் குளிசையின் விலையை நாளை அவர்களே செலுத்த நேரிடும். ஷெல்லடியில் தப்பியவர்களைச் சாதாரணத் தொற்றுக்குப் பலிகொடுப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

இதற்காக மருந்தே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. 2024 டிசெம்பரில் யாழ். குடாநாட்டில் பல உயிர்களைக் காவுகொண்ட காய்ச்சல், எலிக்காய்ச்சல் என உறுதிசெய்யப்பட்டது. அந்நோய்க்கு உரிய நேரத்தில் கிடைக்கும் நுண்ணுயிர்கொல்லி உயிரைக் காக்கும். வயலில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதாரத் துறையினர் வழங்கும் தடுப்புக் குளிசையும் அவ்வகையினதே. வேண்டிய இடத்தில் தயங்குவதும் வேண்டாத இடத்தில் விழுங்குவதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்களாகும்.

வைத்தியரின் மருந்துச் சீட்டின்றி நுண்ணுயிர்கொல்லிகளை விற்பது இந்நாட்டில் சட்டவிரோதமாகும். ஆயினும் மருந்தகத்தில் நோயைச் சொல்லி நான்கு குளிசைகளை வாங்கிச் செல்லும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. இதற்கு மக்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. வைத்தியசாலைக்குச் சென்றுவர ஒருநாள் கூலியை இழக்க நேரும் ஏழைக்கு மருந்தகமே எளிய வழியாகத் தெரிகின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியும், அதன்பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியதும் பின்தங்கிய பிரதேசங்களின் சுமையைக் கூட்டியுள்ளன.

எனவே, அரசாங்கத்தின் கடமையே முதன்மையானது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை மருந்தகங்களைக் கண்காணிக்க வேண்டும். மருந்து எதிர்ப்பை முறியடிப்பதற்கான தேசிய மூலோபாயத் திட்டங்கள் கொழும்பிலுள்ள ஏட்டுடன் நின்றுவிடலாகாது. எக்கிருமி எம்மருந்துக்கு அடங்கும் என அறியும் பரிசோதனை வசதி வன்னி மக்களுக்கும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். வைத்தியர்கள் முதியோர் இல்லங்களுக்குக் கிரமமாகச் செல்ல ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

இல்லங்களை நடத்துவோருக்கும் கடமையுண்டு. யாருக்கு, எதற்காக, எந்த மருந்து, எத்தனை நாளைக்கு என்பதை எழுதிவைக்க ஒரு கொப்பி போதும். கை கழுவ சவர்க்காரமும் நீரும் போதும். ஒருவருக்குக் கொடுத்ததில் மிஞ்சிய குளிசையை மற்றவருக்குக் கொடுக்காதிருக்க மனவுறுதி போதும். வெளிநாடுகளிலுள்ள பிள்ளைகளும், தொலைபேசியில் "நல்ல மருந்தாக வாங்கிக் கொடுங்கள்" எனப் பராமரிப்பாளரை நெருக்குவதைவிட, வைத்தியரிடம் காட்டினீர்களா என வினவுவதே பெற்றோருக்குச் செய்யும் நன்மையாகும்.

கிருமிக்கு இனமோ மதமோ தெரியாது. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் இச்செய்தி கூறப்படுமாயின், அது தமிழ், முஸ்லிம் மக்களின் ஒவ்வொரு வீட்டையும் சென்றடையும். எம்மை வளர்த்தெடுத்தவர்களின் இறுதிக் காலத்தில் மருந்து பொய்த்துப்போகாமல் காப்பது எம் அனைவரதும் கடமை என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.