மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுப்போம்

டி.எம்.வி. மணிலா ரகங்களைத் தந்த திண்டிவனம் பகுதியில் நல்ல விதைக்குக் குறைவில்லை. ஆனால் பூக்கும்போதும், விழுது இறங்கிக் காய் பிடிக்கும்போதும் தண்ணீர் தவறினால் எந்த ரகமும் கைகொடுக்காது. அந்த நாள்களில் மோட்டார் எரிந்தால், காயில் கட்டி மீண்டும் இறக்கும்வரை வயல் காயும். காயில் கட்டும் கூலி உடனே தெரியும்; பொக்குக் கடலை அறுவடையில்தான் தெரியும்.

எரிவதற்கு முன் மோட்டார் பெரும்பாலும் சத்தத்தில் சொல்லிவிடும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் காந்த இழுப்பு நொடிக்கு 100 முறை மோட்டாரை அதிரச் செய்கிறது. அந்தச் சீரான ரீங்காரம் இயல்பானது. அது மாறினால்தான் கவனிக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் சுழலாமல் உறுமினால் ஒரு பேஸ் இல்லாமல் இருக்கலாம். உடனே நிறுத்தாவிட்டால் சில நிமிடங்களில் காயில் கருகிவிடும். கிரீச்சிட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம். கோடையில் பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் கேட்டால், கிணற்று நீர் மிகவும் இறங்கியிருக்கும் அல்லது புட்வால்வு அடைத்திருக்கும். அப்படியே ஓட்டினால் இம்பெல்லர் அரித்துப்போகும். மோட்டார் ஆடினால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அடித்தள போல்ட்டுகளையும் கப்ளிங்கையும் பாருங்கள். நீர்மூழ்கி மோட்டாரின் சத்தம் மேலே கேட்காது. அம்மீட்டர் முள், குழாயின் நடுக்கம், விழும் தண்ணீரின் அளவு ஆகியவையே அதன் பேச்சு.

இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவதும் உறுமலைக் கூட்டும். அப்போது மூன்று முனைகளிலும் மின்னழுத்தம் சமமாக இருப்பதில்லை. 3.5 சதவீத ஏற்றத்தாழ்வே மோட்டாரின் வெப்ப உயர்வை ஏறத்தாழ 25 சதவீதம் கூட்டும்.

1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். எனவே பழுதான மோட்டார் கூடுதலாக இழுக்கும் மின்சாரம் நமக்கு பில்லாக வருவதில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டரும் செல்போன் ஸ்டார்ட்டரும் வந்தபின் கொட்டகையில் ஆளும் இருப்பதில்லை. நள்ளிரவில் வரப்பில் நடக்கும் தொல்லையைப் போக்கிய கருவிகள் அவை. வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேஸ் போனால் தானே நிறுத்தும் தடுப்புக் கருவியும், ஓவர்லோடு ரிலேயும் இல்லாமல் ஆட்டோவை நம்புவது ஆபத்து. அவை இருந்தாலும் வாரம் ஒருமுறை பகலில் மோட்டாரைப் போட்டு, அருகில் நின்று ஐந்து நிமிடம் கேளுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரகம், உரம், பூச்சி பற்றிய பயிற்சிகளில் மோட்டார் பராமரிப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையினரை அழைத்து, நல்ல மோட்டாரின் சத்தத்தையும் பழுதான மோட்டாரின் சத்தத்தையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்யுங்கள். மின்வாரியமும் ஒரு பேஸ் குறைவு, குறைந்த மின்னழுத்தம் பற்றிய புகார்களைப் பயிர்ப் பருவம் முடிவதற்குள் தீர்க்க வேண்டும். காய் பிடிக்கும் பருவம் கடந்தபின் வரும் மின்சாரத்தால் அந்தப் போகத்துக்குப் பயனில்லை.