தொடக்கப் பள்ளி விழாக்கள், செயல்திட்டங்கள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
அரசு, நகராட்சித் தொடக்கப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் சங்கத்தினர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்,
சேலம் மாவட்டம்.

நகல்: வட்டாரக் கல்வி அலுவலர், ஆத்தூர்; ஆணையர், ஆத்தூர் நகராட்சி.

பொருள்: வரும் கல்வியாண்டின் விழாக்களையும் வகுப்புச் செயல்திட்டங்களையும் பள்ளிச் செலவில், பள்ளி நேரத்தில் நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு எங்கள் பிள்ளைகளின் வகுப்பறையில் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் நடக்கின்றன. கற்றல் நிலையில் தாங்கள் அரும்பா, மொட்டா, மலரா என்பதைப் பிள்ளைகளே வீட்டில் வந்து சொல்கிறார்கள். இதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். செயல்பாடுகளின் செலவும் வேலையும் பள்ளியைத் தாண்டி வீட்டுத் தலையில் விழுவதுதான் எங்கள் குறை.

மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளை, "நாளைக்கு சார்ட்டு, தெர்மாகோல், கலர் பேப்பர் கொண்டு வரணுமாம்" என்கிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலை வேலைக்குப் போன அம்மா வீடு சேர இரவு ஏழாகிவிடும். அதற்கு மேல் கடை தேடி ஓடி, செய்ய நேரமில்லாமல், ஒட்டித் தயாராக விற்கும் தெர்மாகோல் வீட்டையே வாங்கிக் கொடுத்தனுப்புகிறோம். அதைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போவதுதான் பிள்ளை செய்யும் ஒரே செயல். மாறுவேடப் போட்டி என்றால் பாரதியார் கோட்டும் தலைப்பாகையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை அன்று வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறது.

தொடக்கக் கல்வியை முடிக்க விடாமல் தடுக்கும் எந்தக் கட்டணத்தையும் செலவையும் பிள்ளை மீது சுமத்தக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் வழியே கற்பிக்கச் சொல்கிறது 29ஆம் பிரிவு. இரண்டும் ஒரே சட்டத்தில்தான் இருக்கின்றன. எனவே செயல்திட்டப் பொருள்களைப் பள்ளி மானியத்திலிருந்தே வாங்கித் தர உத்தரவிட வேண்டுகிறோம். மானியச் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு 21ஆம் பிரிவின்படி உண்டு. அந்தக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர்தாம்; கணக்கை எங்கள் முன் வைப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், நவம்பர் 14 குழந்தைகள் தினம், பிப்ரவரி 28 அறிவியல் நாள் எல்லாம் ஆண்டுதோறும் அதே தேதியில்தான் வருகின்றன. இருந்தும் முதல் நாள் மாலைதான் எங்களுக்குச் சொல்கிறார்கள். இவற்றோடு கலைத் திருவிழா, ஆண்டு விழா, கண்காட்சித் தேதிகளையும் சேர்த்து ஜூனிலேயே ஒரு தாளில் அச்சிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தேதி தெரிந்தால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் முன்கூட்டிச் சொல்லி விடுப்பு எடுத்துக்கொள்வோம்.

செயல்திட்டத்துக்குத் தெர்மாகோல்தான் வேண்டும் என்பதில்லை. எங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்குக்கா பஞ்சம்? தோல் சீவித் துருவி, தண்ணீர் விட்டுப் பிழிந்து, அந்தப் பாலை டம்ளரில் அசையாமல் வைத்தால் அடியில் மாவு படிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். நாலாம் வகுப்புக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் ஏது? பச்சைக் கிழங்கிலும் அதன் பாலிலும் நச்சு உண்டு என்பதால் யாரும் வாயில் வைக்காமல் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும். ஜவ்வரிசி உருட்டவும் வறுக்கவும் தெரிந்த பெற்றோர் வகுப்புக்கே வந்து கூலியில்லாமல் சொல்லித் தருவோம். அதற்கு அனுமதி வேண்டும்.

எங்கள் ஊரிலேயே வசிஷ்ட நதிக்கரையில் கெட்டி முதலியார் காலத்துக் கோட்டை இருக்க, வரலாற்றுச் செயல்திட்டத்துக்குச் செங்கோட்டைப் படத்தை வெட்டி ஒட்டச் சொல்வது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது கோட்டைக்கும், தலைவாசல் பக்கம் தியாகனூர் புத்தர் சிலைகளுக்கும் அழைத்துப் போக வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். கலைத் திருவிழாவில் வட்டார அளவுக்குத் தேர்வாகும் சிறு பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவும் மதிய உணவும் இப்போது ஆசிரியர் கையிலிருந்தோ எங்கள் கையிலிருந்தோதான் போகின்றன. அதற்கும் வழி செய்ய வேண்டும்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் இவை குறித்துப் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: ஆத்தூர்
இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல்