யாருக்கு ஆலோசனை?

தென்காசி ஜில்லா சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், 2022-ம் வருஷம் செப்டம்பரில், தின்பண்டம் வாங்க வந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பள்ளிப் பிள்ளைகளை, “ஊர்க் கட்டுப்பாடு, வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள்” என்பதாகக் கடைக்காரர் திருப்பியனுப்பினார். அந்தப் படம் நாடெங்கும் பரவிற்று. கைதும் நடந்தது, கடைக்குச் சீலும் வைத்தார்கள். சரி, அந்தப் பிஞ்சு மனங்களில் விழுந்த காயத்துக்கு என்ன செய்வது?

பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட ஆலோசகர் வேண்டுமென்கிறார்கள். 1098-க்குப் பிள்ளைகளே டெலிபோனில் பேசலாமென்கிறார்கள். வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால், என்ன கட்டுப்பாடு என்று அங்கேயே திருப்பிக் கேட்ட சிறுவனுக்குத் தைரியத்தில் என்ன குறைவு? பதில் சொல்ல யோக்கியதையற்றுப் போனவர்கள் பெரியவர்களல்லவா? (குற்றாலத்து அருவிகூட ஜாதி கேட்டுத் தலையில் விழுவதில்லை!) ஆகவே, ஆலோசனையை ஊர்ப் பெரியதனக்காரர்களிடமிருந்து ஆரம்பிக்கும்படி ஜில்லா அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.