மெலிந்த உடலும் மெலியாத கவலையும்

உடற் பருமன் என்பது செல்வர் வீட்டு நோய் என்று நாம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. கரைவலை இழுப்பவனும் வெங்காயப் பாத்தியில் நாள் முழுதும் குனிந்து நிற்பவளும் அந்நோயை அறியமாட்டார்கள் என்றே நம்பினோம். அந்த நம்பிக்கை இன்று பொய்த்துவிட்டது. எங்கள் மாம்புரிக் கரையிலும் படகுக்கு இயந்திரம் வந்தது. தண்ணீர் இறைக்க மோட்டார் வந்தது. கடைக்குச் சென்றுவர முச்சக்கர வண்டி வந்தது. உழைப்புக் குறைந்தது, பாணும் சீனித் தேநீரும் குறையவில்லை. பிறகு உடல் பெருக்காமல் வேறென்ன செய்யும்?

வீட்டுச் சிக்கனத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றி இப்பகுதியில் எழுதி வரும் நான், இவ்வாரம் வைத்தியப் பொருளொன்றைத் தொடுவது சிலருக்கு வியப்பாகலாம். நான் வைத்தியன் அல்லன்; கல்லூரி ஆசிரியன். ஆயினும் இது வைத்தியசாலையோடு முடிந்துவிடும் விஷயமன்று. அடுக்களையிலும் நடுக்கூடத்திலும் தொடரும் குடும்ப விஷயம். ஆதலால் எழுதத் துணிந்தேன்.

உணவுக் கட்டுப்பாட்டாலும் நடையாலும் குறையாத பெரும் பருமனுக்குச் சத்திரசிகிச்சை ஒரு வழியாக இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. இரைப்பையின் முக்காற் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய்போல் அமைப்பது ஒரு முறை. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு செல்லுமாறு இணைப்பது மற்றொரு முறை. இதனை 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் மேசன் என்னும் அறுவை வைத்தியர் தொடங்கினார். இவற்றால் பலருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் தணிகின்றன, ஆயுளும் நீள்கிறது. நன்மையை மறைத்துத் தீமையை மாத்திரம் பேசுவது நியாயமன்று.

ஆனால், வெட்டிய இடம் ஆறுவது வேறு, வெட்டிய வாழ்க்கை ஆறுவது வேறு. இதனை எங்கள் அயலில் ஒரு குடும்பம் நன்கு கற்றுக்கொண்டது. அவர்கள் யாரென்று சொல்வது முறையன்று. அந்த அம்மையார் கொழும்பு சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பினார். மாமியாருக்கு இதில் தொடக்கத்திலிருந்தே சம்மதமில்லை. "கடவுள் தந்த வயிற்றை யாராவது காசு கொடுத்து வெட்டுவார்களா?" என்பது அந்த மூதாட்டியின் கேள்வி. கணவரோ கடன் வாங்கிச் செலவு செய்திருந்தார்.

ஆறாம் வாரத்தில் அம்மையாருக்கு வாந்தி தொடங்கிற்று. குடித்த கஞ்சியும் தங்கவில்லை. சொன்னால் மாமியார் சொன்னது மெய்யாகிவிடும். கணவரின் கடனும் வீணென்று ஆகிவிடும். ஆகவே கொல்லைப்புறத்தில் ஒருவரும் அறியாமல் வாந்தியெடுத்து, முகம் கழுவி, ஒன்றும் நடவாதவர்போல் உள்ளே வந்தார். "நன்றாக மெலிந்துவிட்டீர்கள்" என்று கண்டவர்களெல்லாம் பாராட்டினார்கள். மருந்து வாங்கப் போன இடத்திலும் வயிற்றெரிவு என்று மட்டும் சொல்லிக் குளிசை பெற்றுக்கொண்டார். சத்திரசிகிச்சையைப் பற்றி மூச்சு விடவில்லை. சில வாரங்களில் பாதங்கள் எரிந்தன, கால்கள் மரத்தன, நடை தள்ளாடிற்று, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது, வயிற்றிலிருந்த சின்னஞ்சிறு தழும்புகளைக் கண்ட வைத்தியரே, "இவை எவ்வாறு வந்தன?" என்று வினவினார். அக்கேள்விதான் அவரைக் காப்பாற்றியது.

அவருக்கு வந்தது புதுநோயன்று, பழைய பெரிபெரியே. அச்சொல்லே சிங்களத்திலிருந்து பிறந்தது என்று அகராதிகள் கூறுகின்றன. யாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி தின்றவை தேறுவதையும் 1890களில் கண்டறிந்தார். 1929இல் நோபல் பரிசும் பெற்றார். தவிட்டில் இருந்த அப்பொருளே தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1. நம் உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். உணவு குறைந்து வாந்தியும் தொடர்ந்தால் அது விரைவில் வற்றிவிடும். உடனே ஊசிமூலம் கொடுத்தால் பெரும்பாலும் தேறலாம். தாமதித்தால் நினைவாற்றலும் நடையும் நிரந்தரமாகக் கெடலாம். தயமின் இன்றிக் குளுக்கோசு மாத்திரம் ஏற்றினால் நிலைமை மோசமாகவும் கூடும். ஆகவே, வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுதல் எத்துணை அவசியம் என்பது தெளிவாகும். எங்கள் அம்மையார் ஊன்றுகோலுடன் சில மாதங்கள் நடந்து, இன்று கோலின்றி நடக்கிறார்.

சிக்கல்கள் காலத்துக்கு ஒன்றாக வருபவை. முதல் வாரங்களில் அஞ்ச வேண்டியவை தையலிடத்துக் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகியன. காய்ச்சல், விரைந்த நாடித்துடிப்பு, கடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மாத்திரம் வீக்கம், கறுத்த மலம் ஆகியவற்றுள் எது கண்டாலும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. சில மாதங்களில் முடி கொட்டும். இது பெரும்பாலும் மீண்டும் வளரும். விரைவாக மெலிவதால் பித்தக்கல் உண்டாகலாம். இனிப்புப் பானம் குடித்தவுடன் படபடப்பும் வியர்வையும் வயிற்றோட்டமும் வருவது, உணவு சிறுகுடலுக்குள் விரைந்து பாய்வதன் விளைவு. ஆண்டுகள் கழிந்தபின் இரும்புச்சத்து, பி12, சுண்ணாம்புச்சத்துக் குறைவுகள் தலைகாட்டும். குடலைத் தாண்டி இணைத்தவர்க்குப் பல ஆண்டுகளின் பின்னரும் குடல் உட்புறமாகச் சிக்கிக்கொள்ளலாம். திடீரென முறுக்கி வலிப்பதே அதன் அடையாளம்.

இவற்றைப் படித்து அஞ்சவும் வேண்டா. 4,776 பேரை ஆராய்ந்து 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தோர் 0.3 சதவீதத்தினர்; பெருஞ் சிக்கலுக்கு உள்ளானோர் 4.3 சதவீதத்தினர். நூற்றுவரில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அந்நாட்களை நலமாகக் கடந்தனர் என்பதே இதன் பொருள். ஆயினும் எஞ்சிய சிலருள் நம் வீட்டாரும் ஒருவராகலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2024 ஏப்ரலில், சென்னையை அடுத்த பம்மலில் உள்ள தனியார் மருத்துவமனையொன்றில் இச்சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிர் நீத்தார். தமிழ்நாடு அரசு விசாரணை நடத்தி, அம்மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. கத்தி எடுக்குமுன், "இடர் நேர்ந்தால் தீவிர சிகிச்சைக்கு இங்கே என்ன ஏற்பாடு?" என்று வினவ ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமையுண்டு.

மாம்புரி போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு வேறொரு கேள்வியும் உண்டு. சிகிச்சை செய்தவர் கொழும்பில். நாமோ பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால். நள்ளிரவில் வலி வந்தால் என்செய்வது? 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். எந்தச் சிகிச்சை, எந்த நாளில், எந்த வைத்தியரால் செய்யப்பட்டது என்பதை ஒரு கடிதமாக எழுதி வாங்கிப் பணப்பையில் வைத்துக்கொள்ளல் வேண்டும். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கும் அதனை முன்னதாகவே காட்டிவிடுதல் நன்று. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வாங்கும் வலிநிவாரணிகள் சிலவற்றால் இணைப்பிடத்தில் புண் உண்டாகலாம். கேளாமல் விழுங்குதல் கூடாது. நீரிழிவு மருந்தின் அளவும் மாறும். பழைய அளவையே தொடர்ந்தால் சீனி ஆபத்தாக இறங்கும். கருத்தரிப்பதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுக்குமாறு வைத்தியர்கள் கூறுவர்.

உணவைப் பொறுத்தவரை எங்கள் கரைக்கு ஒரு பேறு உண்டு. சிறிய வயிற்றுக்கு முதலில் வேண்டியது புரதம். அவித்த மீனும் முட்டையும் பருப்பும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. சிறிது சிறிதாக, நன்றாக மென்று உண்ண வேண்டும். உணவோடு சேர்த்துத் தண்ணீர் குடித்தலைத் தவிர்க்க வேண்டும். உயிர்ச்சத்துக் குளிசைகள் வாழ்நாள் முழுவதும் வேண்டியவை. செலவைக் கணக்கிடும்போது சத்திரசிகிச்சைக் கட்டணத்தோடு இக்குளிசைகளையும் ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனையையும் கூட்டிக்கொள்ளாதவன் பாதிக் கணக்கே போட்டவனாவான்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இவர் குறுக்கு வழியில் மெலிந்தவர் என்று ஏளனம் செய்யாதீர்கள். விருந்தில் "இன்னும் ஒரு பிடி" என்று இலையில் வைத்து வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு பிடி அவருக்கு வேதனை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோவைச் சொல்ல வந்தவரிடம் "நான் அப்போதே சொன்னேனே" என்று கூறாதீர்கள். அந்த மூன்று சொற்களுக்கு அஞ்சியே ஒருவர் தம் வாந்தியை மறைத்தார். வைத்தியரின் ஊசிக்கு முன்னரே கொடுக்கக்கூடிய மருந்து ஒன்று நம்மிடம் உண்டு. அது, எதைச் சொன்னாலும் கோபிக்காமல் கேட்கும் காது.